அப்பத்துக்குச் சேந்திய தண்ணீர்

சின்னத்தாயிக்கு வயிறு எரிந்தது. வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்தது அத்தனையும் அந்த எரிச்சலிலிருந்துதான் கிளம்பிற்று. "எனக்கென்னங்க பொறாமை? நான் பாட்டுக்கு என்ற வேலையப் பாத்துக்கிட்டு இருக்கறேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொன்னாள். ஒருத்தரும் நம்பவில்லை.

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, பஸ் ரோட்டை விட்டு இறங்கிச் சோளக்காட்டுக்கு நடுவே வண்டித்தடத்தில் போனால் ஒரு வேதக் கோயில் வரும். ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், வாசலில் ஒரு வேப்பமரம், அந்த மரத்தில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு. உள்ளே முன்பக்கம் நாலைந்து பெஞ்சு, பின்பக்கம் கோரைப்பாய். பெஞ்சில் சாதிக்காரக் குடும்பங்கள் உட்காரும். பாயில் வளவுக்காரர்கள் உட்காருவார்கள். வளவு என்றால் ஊருக்குக் கிழக்கே பண்ணையாட்கள் குடியிருக்கும் தெரு. இரண்டு கூட்டமும் ஒரே காலத்தில் ஞானஸ்நானம் வாங்கியவைதான். இப்படி உட்காரச் சொல்லி யாரும் சட்டம் போட்டதில்லை. போதகர் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், கர்த்தருக்கு முன்னால் பெஞ்சு ஏது, பாய் ஏது என்று உருக்கமாகப் பிரசங்கம் செய்வார். பெஞ்சில் இருப்பவர்கள் பெஞ்சில் இருந்தபடியும் பாயில் இருப்பவர்கள் பாயில் இருந்தபடியும் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

சின்னத்தாயிக்கு அந்தக் கோயிலில் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிப் பெருக்குவாள், பாயை உதறுவாள், தொட்டிக்குத் தண்ணீர் நிரப்புவாள். திருவிருந்துக்கு எடுக்கும் பித்தளைத் தட்டையும் கிண்ணத்தையும் புளி போட்டுத் தேய்ப்பாள். அவள் தேய்த்து முடித்ததும் சபை மூப்பர் வேங்கடசாமியின் சம்சாரம் குழந்தையம்மாள் வந்து அதையே இன்னொரு தரம் கழுவி எடுத்துக்கொண்டு போவாள். எதற்கு இன்னொரு தரம் என்று சின்னத்தாயி கேட்டதில்லை. கேட்டால், "தூசி இருக்குமல்ல புள்ள" என்று சிரித்த முகமாகப் பதில் வரும். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு துரைசானி பங்களாவில் சமையல்காரருக்கு எடுபிடியாக இருந்தவள் அவள். மாவில் கொஞ்சம் பனங்கள்ளை ஊற்றிப் பொங்கவைத்து ரொட்டி சுடுவதை அங்கே கற்றுக்கொண்டாள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. போதகர் அப்பத்தைப் பிட்கும்போது சின்னத்தாயி கண்ணை மூடிக்கொள்வாள். ஜெபம் செய்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளோ, அந்த அப்பம் தன் கையால் சுட்டதாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் அப்பம் கோயமுத்தூரிலிருந்து வந்தது. உக்கடத்துப் பக்கம் ரொட்டிக்கடை வைத்திருந்த கலீல் ரஹ்மான் சனிக்கிழமை பஸ்ஸில் ஒரு பெரிய ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புவார். கலீல் ரஹ்மான் கை எந்தக் கை என்று சபையில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டாம் என்பதற்காகத்தான் அவரிடம் வாங்கினார்கள்! பெஞ்சுக்காரர் கையால் சுட்டதைப் பாய்க்காரர் சாப்பிடுவார். பாய்க்காரர் கையால் சுட்டதைப் பெஞ்சுக்காரர் சாப்பிடுவாரா? அந்தப் பேச்சே எழக்கூடாது என்று ரொட்டி மாதாமாதம் பஸ் ஏறிப் பிரயாணம் செய்தது.

இந்த நிலைமையில்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் சித்திரையில், சென்னியம்மாள் வந்து சேர்ந்தாள்.

சென்னியம்மாள் பெரிய தோட்டத்துச் செங்கோடக் கவுண்டருடைய தம்பி பெண்டாட்டி. புருஷனை இழந்தவள். மாரில் சளி கட்டி மிஷன் ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தபோது அங்கே வாசித்த வேதத்தைக் கேட்டுக் கேட்டு மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். செங்கோடக் கவுண்டர் அவளுடைய பையன் தம்பிதுரையை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். ஒரு பித்தளைக் குடமும் ஒரு ட்ரங்குப் பெட்டியுமாக அவள் கோயிலை ஒட்டியிருந்த அறைக்கு வந்துவிட்டாள்.

வந்த முதல் ஞாயிறன்று குழந்தையம்மாள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். "இக்கட்ட வாங்க அம்மணி" என்று கையைப் பிடித்தாள். சென்னியம்மாள் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு நேரே பின்பக்கம் நடந்துபோய்ப் பாயில் உட்கார்ந்தாள். அதுவும் எங்கே? சரியாகச் சின்னத்தாயி பக்கத்தில். போதகரின் ஜெபம் பாதியில் நின்றுபோயிற்று. வளவுப் பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். இரண்டு வாரம் கழித்துக் கோயமுத்தூரிலிருந்து துரைசானி ஒருத்தி பெட்டியும் முக்காலியுமாக வந்து, சென்னியம்மாள் பாயில் உட்கார்ந்திருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள். தள்ளி உட்கார்ந்தவர்களில் முதல் ஆள் சின்னத்தாயி.

"பாயில உக்காந்ததுக்குப் போட்டோவா? அப்படீன்னா நான் எத்தன போட்டோவுல இருக்கோணும், சொல்லு பாக்கலாம்!" என்று அன்றைக்குக் கம்பங்கூழ் ஊற்றும்போது புருஷன் வேலனைக் கேட்டாள்.

வேலன் கூழைக் குடித்துவிட்டுத்தான் பேசினான். "அவங்க எல்லாத்தையும் உட்டுப்போட்டு வந்தவங்க புள்ள. உட்டுப்போட்டு வரதுக்கு நமக்கு என்ன இருந்துச்சு?"

சின்னத்தாயிக்குக் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது.

இதில் இன்னொரு வேதனை என்னவென்றால், அந்தச் சென்னியம்மாளுக்குத் தினமும் தண்ணீர் சுமப்பவள் சின்னத்தாயிதான். கவுண்டர் தெருக் கிணற்றில் சென்னியம்மாளை இனி அண்டவிட மாட்டார்கள். வளவுக் கிணற்றில் அவளைக் கயிற்றைத் தொடவிட வளவுக்காரர்களுக்கே பயம். அவர்களில் பாதிப்பேருக்குச் செங்கோடக் கவுண்டர் தோட்டத்தில்தான் வேலை. எங்கள் வீட்டுப் பெண்ணை உங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கவைத்தீர்களா என்று அவர் கேட்டுவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் போதகர், "சின்னத்தாயி, கோயிலுக்கு எடுக்கும்போது அந்தம்மாவுக்கும் ரெண்டு குடம் ஊற்றிவிடும்மா" என்று சொல்லிவிட்டார். விடிகிற வேளைக்குக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனால், "வாங்கக்கா, எனக்காகக் கஷ்டப்படறீங்களே" என்று சென்னியம்மாள் எழுந்து நிற்பாள்.

அக்காவாம்! தனக்கு வயசு மூத்தவளாயிருந்தாலும் பண்ணையாள் பெண்டாட்டியை அக்கா என்று கூப்பிடும் கவுண்டச்சியை அந்தப் பக்கத்தில் யார் கண்டது? வளவே அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தது. சின்னத்தாயிக்கு மட்டும் அது முள்ளாகக் குத்திற்று. ஏனென்றால், அவள் அக்கா என்றதும் தன் வாய் பழக்க தோஷத்தில், "இதுல என்னங்க அம்மணி கஷ்டம்" என்று குழைந்துவிடும். அவளுக்கு இறங்கி வரத் தெரிகிறது, எனக்கு ஏறி நிற்கத் தெரியவில்லையே என்று வழியெல்லாம் தன் வாயையே திட்டிக்கொண்டு வருவாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நொய்யல் ஆறு பெருகிப் பஸ் இரண்டு நாள் ஓடவில்லை. மழைக்குப் பயந்து வியாழக்கிழமையே கொடுத்தனுப்பிய ரொட்டி ஞாயிறு காலைதான் வந்தது; துணி அவிழ்த்துப் பார்த்தால் பச்சையாகப் பூசணம். திருவிருந்து இல்லாமலே அந்த ஞாயிறு போயிற்று. ஆராதனை முடிந்ததும் போதகர் எல்லோரையும் இருக்கச் சொன்னார்.

"இவ்வளவு பேர் இருக்கிறோம். ஒரு அப்பம் சுட நம் சபையில் ஒரு கை இல்லையா?"

பெஞ்சில் இருந்தவர்கள் குடையைப் பார்த்தார்கள். சின்னத்தாயி இத்தனை வருஷம் கண்ணை மூடி நினைத்தது வாசலுக்கு வந்து நிற்கிறது! நான் சுடறேனுங்க என்று சொல்ல வேண்டியதுதான். ஒரு கையைத் தரையில் ஊன்றி அரைவாசி எழுந்துவிட்டாள்.

"அதுக்கென்னங்க யோசனை?" என்று முன்பெஞ்சிலிருந்து மூப்பர் வேங்கடசாமி எழுந்தார். பஞ்சு வியாபாரி, சபைக்குப் பெரிய தலை. "நம்ம சென்னியம்மாள் அம்மணி இருக்கறாங்களே. அவங்க கையால சுட்டா ஆருக்கு என்ன ஆட்சேபணை? பெஞ்சுக்கும் பாய்க்கும் ஒரே அப்பம். அதல்லவாங்க சாட்சி!"

"ஆமாங்க! ஆமாங்க!" என்று கோயிலே அதிர்ந்தது. போதகருக்கு முகமெல்லாம் வெளிச்சம். வளவுக்காரர்கள் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமாங்க போட்டார்கள். அந்தச் சத்தத்தில் வேலன் குரலும் இருந்தது. சின்னத்தாயி அரைவாசி எழுந்தவள் அப்படியே குனிந்து, பாயின் சுருக்கத்தை நீவிவிடுவதுபோல நீவிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் எழுந்ததை யாரும் கவனிக்கவே இல்லை.

சென்னியம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "எனக்குங்களா..." என்பதற்குள் பெண்கள் சூழ்ந்துகொண்டு அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் திருவிருந்துக்கு முந்தின நாள். சின்னத்தாயி குடத்தோடு போனபோது சென்னியம்மாள் அறை வாசலில் இன்னொரு குடம் உட்கார்ந்திருந்தது. புதுக்குடம், வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"இது ஆரு கொண்டாந்தது?"

"மூப்பர் ஊட்டுலருந்து ஆள் வந்து வெச்சுட்டுப் போச்சுங்கக்கா. மாவு பெசைய அவங்க கெணத்துத் தண்ணியாம்."

சின்னத்தாயிக்குப் புரிந்துவிட்டது. கையும் சாதிக்கை, தண்ணியும் சாதித்தண்ணி. பெஞ்சுக்கும் பாய்க்கும் ஒரே அப்பம் என்று மூப்பர் முழங்கினாரே, எவ்வளவு சாமர்த்தியம்! தான் கொண்டுவந்த தண்ணீரைப் பானையில் ஊற்றிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கிறவளுடைய கண் அறைக்குள்ளேயே இருந்தது.

சென்னியம்மாள் வெள்ளைத் துணியை அவிழ்த்தாள். அந்தத் தண்ணீரைச் சாய்த்து முகம் கழுவினாள், கால் கழுவினாள், மிச்சத்தை வாசலில் தெளித்துவிட்டாள். பிறகு சின்னத்தாயி ஊற்றிய பானையிலிருந்து மொண்டு கோதுமை மாவில் ஊற்றிப் பிசைய ஆரம்பித்தாள். பிசைந்த அழகைப் பார்க்க வேண்டுமே! மாவு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். சின்னத்தாயிக்குக் கை பரபரத்தது.

"என்னங்க அம்மணி, மூப்பர் தண்ணிய ஊத்தலீங்களா?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டாள்.

"தெனமும் குடிக்கறது இதுதானுங்கக்கா. அப்பத்துக்கு மட்டும் வேற தண்ணி எதுக்கு?"

வேறொருத்தியாக இருந்தால் அந்த வார்த்தையைக் கேட்டு மனசு குளிர்ந்திருப்பாள். சின்னத்தாயிக்கு மனசு குளிரவில்லை. அகப்பட்டாயா என்று உள்ளே ஒரு குரல் கூத்தாடிற்று. அன்று பொழுதுக்கும் அவள் யாரோடும் சண்டை போடவில்லை. "என்ன புள்ள, சீக்கா?" என்று வேலன்கூடக் கேட்டான்.

ஞாயிறு வந்தது. கோயில் நிறைந்திருந்தது. சின்னத்தாயி தேய்த்து, குழந்தையம்மாள் இன்னொரு தரம் கழுவிய தட்டில் அப்பம் இருந்தது. போதகர் பிரசங்கத்தில் வேறு யாரைப் பற்றியும் பேசவில்லை. வீட்டை விட்டாள், நிலத்தை விட்டாள், பெற்ற பிள்ளையை விட்டாள் என்று அடுக்கிக்கொண்டே போனார். "இந்தக் கைகள் நமக்காக மாவு பிசைந்தன. சகோதரி சென்னியம்மாள், கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்" என்றார். சென்னியம்மாள் கூசிக்கொண்டு எழுந்தாள். குழந்தையம்மாள் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சின்னத்தாயி எழுந்துவிட்டாள். இந்தத் தடவை முழுசாக எழுந்தாள்.

"ஐயாங்க! ஒரு வார்த்தைங்க. அந்த மாவு மூப்பர் ஊட்டுத் தண்ணியில பெசஞ்சதில்லீங்க. எங்க வளவுக் கெணத்துத் தண்ணியில பெசஞ்சது. நான் என்ற ரெண்டு கண்ணால பாத்தனுங்க."

வேங்கடசாமியின் முகம் மாறுவதைச் சின்னத்தாயி பார்த்தாள். குழந்தையம்மாள் முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா, எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒரு குளிர்ச்சி வயிற்றில் இறங்கி! அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

"இவங்க செஞ்சது தப்புங்க. பெரியவங்க சுத்தமான தண்ணி அனுப்பியிருக்கறப்போ அதுல கால் கழுவிப்போட்டு, எங்க தண்ணியப் போயி அப்பத்துக்கு ஊத்தலாமுங்களா? அத எப்புடீங்க எல்லாரும் வாயில வெக்கறது?"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது.

பாயில் ஒருவரும் அசையவில்லை. வளவுப் பெண்கள் அவளைப் பார்க்காமல் மடியைப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கம் வேலன் உட்கார்ந்திருந்தான். பஞ்சகாலத்தில் பாறையை உடைத்து அந்தக் கிணற்றை வெட்டியவர்களில் அவனும் ஒருவன். வெடி வைத்தபோது அவனுடைய இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. தண்ணீர் கண்ட அன்று, கட்டுப்போட்ட அந்தக் கையாலேயே முதல் வாய் மொண்டு சின்னத்தாயிக்குத்தான் கொடுத்தான். "எப்புடியிருக்குது?" என்று கேட்டான். "சக்கரையாட்ட இருக்குது" என்று அவள் சொன்னாள். இப்போது வேலன் அந்தக் கையை எடுத்து வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டான்.

ஐயோ, நான் என்ன சொல்லிப்போட்டேன் என்று நினைத்தாள் சின்னத்தாயி. சென்னியம்மாளை ஒரு படி இறக்குவதற்காகத் தன் வளவையே குப்புறத் தள்ளிவிட்டாள். குழந்தையம்மாள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லாததை, தூசி என்று மழுப்பிவந்ததை, இவள் நடுக்கோயிலில் நின்று சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

சென்னியம்மாள்தான் முதலில் பேசினாள். கோபமில்லாத குரல். "அக்கா சொல்றது நெசந்தானுங்க. தெரிஞ்சுதான் பெசஞ்சேன். நான் வந்த நாள்லருந்து குடிக்கறது அந்தத் தண்ணிதானுங்க."

வேங்கடசாமி தொண்டையைச் செருமினார். "கோவிச்சுக்காதீங்க ஐயா. இன்னைக்கு மனசு ஒரு நெலையில இல்லீங்க. அடுத்த மாசம் டவுன் ரொட்டியே வரவெச்சு நடத்திக்கலாமுங்களே" என்று மரியாதை குறையாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்த பெஞ்சுகள் எல்லாம் தலையசைத்தன.

போதகர் அப்பத்தைப் பிட்டார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். வழக்கம் என்னவென்றால் பெஞ்சுக்காரர்கள் முதலில் வந்து முழங்கால் போடுவார்கள், அவர்கள் எழுந்து போன பிறகே பாய்க்காரர்கள் வருவார்கள். இதையும் யாரும் சட்டமாகப் போட்டதில்லை. பெஞ்சு அசையவில்லை. பெஞ்சு அசையாததால் பாயும் அசையவில்லை. தட்டு காத்துக்கொண்டிருந்தது.

சின்னத்தாயி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். உட்காரலாம், வெளியே ஓடிப்போகலாம். இரண்டும் அவளால் முடியவில்லை. தான் சொன்னதைத் திருப்பி விழுங்க ஒரே வழிதான் இருந்தது. நடந்தாள். பெஞ்சுகளைத் தாண்டினாள். அந்தக் கோயிலில் பெஞ்சுக்காரர் எழுவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு வந்த பாய்க்காரி ஒருத்தியும் கிடையாது. முழங்கால் போட்டுக் கையை ஏந்தினாள்.

போதகர் அவளையே பார்த்தார். பிறகு துண்டை அவள் கையில் வைத்தார்.

வாயில் போட்டாள். கல்! உப்பு தூக்கல், உள்ளே மாவு வேகவும் இல்லை. நான் சுட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அந்த நேரத்திலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நினைத்துக்கொண்டே மென்றாள், அழுதுகொண்டே விழுங்கினாள்.

பக்கத்தில் யாரோ முழங்கால் போடும் சத்தம் கேட்டது. இரண்டு விரல் இல்லாத இடது கை முன்னால் நீண்டது. வேலன் அவள் பக்கம் திரும்பவில்லை, ஆனால் வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் பாய் முழுசும் எழுந்து வந்தது. பெஞ்சிலிருந்து ஒரே ஒரு கிழவர், காது கேட்காதவர், என்ன நடக்கிறது என்று புரியாமல் கூட்டத்தோடு வந்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு சென்னியம்மாள் வேப்பமரத்தடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னத்தாயி கொஞ்சம் தள்ளி நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். சென்னியம்மாள் திட்டவில்லை.

"எம்மேல என்ன கோவமுங்கக்கா?"

"கோவமில்ல. பொறாமை." சொல்லிவிட்டாள். சொன்னதும் பாரம் கொஞ்சம் குறைந்தது. "அந்த அப்பத்த நான் சுடோணும்னு எத்தனையோ வருஷமா ஆசப்பட்டேன். உங்களக் கேட்டாங்க. என்னைய ஒருத்தரும் கேக்கல."

"என்னைய மட்டும் கேட்டாங்களா? எனக்கு அப்பஞ்சுடவே தெரியாதுங்கக்கா! தெரியாதுன்னு சொல்ல ஆரு உட்டாங்க?"

சின்னத்தாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். வந்த சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அதுதான் தெரிஞ்சுதே. என்ற பல்லு ஆடுது" என்றாள். சென்னியம்மாளும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கண் பெரிய தோட்டத்துப் பக்கம் போய்த் திரும்பியதைச் சின்னத்தாயி பார்த்தாள். தம்பிதுரை அங்கே இருந்தான்.

சின்னத்தாயி தட்டை அவள் கையிலிருந்து வாங்கித் துடைத்தாள். "அடுத்த மாசம் நான் சுடறேன்" என்றாள். பிறகு, அம்மணி போடாமல், இத்தனை நாள் வாயில் வராமல் இருந்ததைச் சொன்னாள். "கெணத்துல தண்ணி நீ சேந்து, புள்ள."

அந்த ஒரு மாதத்தில் பேச்சு நிறைய நடந்தது. போதகர் சரி என்றார். வேங்கடசாமி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாக்கலாமுங்க" என்றார். வளவில் ஆண்கள் கூடிப் பேசினார்கள். அந்தம்மா கயிற்றைத் தொட்டால் செங்கோடக் கவுண்டர் சும்மா விடுவாரா என்று ஒருவன் கேட்டான். "சும்மா உடலீன்னா கோயமுத்தூர் மில்லுக்குப் போறேன். என்ற கெணத்துல ஆரு தண்ணி சேந்தறதுன்னு அவரு சொல்றதா?" என்று வேலன் சொன்னான். இத்தனை வருஷத்தில் அவன் 'என்ற கெணறு' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

திருவிருந்துக்கு முந்தின நாள் விடிந்ததும் சென்னியம்மாள் தன் பித்தளைக் குடத்தோடு வளவுக்கு வந்தாள். சின்னத்தாயி கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். வளவே கிணற்றைச் சுற்றி நின்றது. பழக்கமில்லாத கை. பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போயிற்று, மிச்சம் சேலையில் கொட்டிற்று, குடத்தில் ஏதோ கொஞ்சம் விழுந்தது.

"அட சாமி, அம்மணி தண்ணி சேந்துது பாருங்க!" என்று பெண்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

சின்னத்தாயிக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் அதை உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. "ஏண்டி! தண்ணி கண்ட நாள்லருந்து நான் இதே கெணத்துல சேந்திக்கிட்டு இருக்கறேன், ஒருத்தியாவது என்னைய இப்புடிப் பாத்தீங்களா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள். கிணற்றடி முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நனைந்துபோய் நின்ற சென்னியம்மாள்தான்.

இரண்டு பேரும் கோயிலுக்கு நடந்தார்கள். குடம் சென்னியம்மாள் இடுப்பில் இருந்தது. சின்னத்தாயி கையை வீசிக்கொண்டு வந்தாள். அவள் மடியில் ஒரு சின்னக் குப்பி இருந்தது.

"அது என்னங்கக்கா?"

"கள்ளு. கொஞ்சம் ஊத்துனாத்தான் மாவு மெத்துன்னு பொங்கி வரும்."

"கள்ளுங்களா! ஐயாவுக்குத் தெரிஞ்சா?"

"தண்ணியே தெரிஞ்சுபோச்சு. இனிக் கள்ளு தெரிஞ்சா என்ன?"

"நாளைக்குப் பெஞ்சுக்காரங்க வருவாங்களாக்கா?"

சின்னத்தாயி வேப்பமரம் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தாள். "அவங்களுக்கும் சேத்தித்தான் சுடப்போறேன்" என்றாள். "வந்து உண்டா உண்ணட்டும். வராட்டிப் போனா, மிச்சத்த எடுத்துக்கிட்டு நானே ஒவ்வொரு ஊடாப் போயி வாசல்ல நின்னு கூப்பிடறேன். என்ற அப்பம் வேண்டாம்னு என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

அடுப்பை மூட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மாவை முன்னால் இழுத்தாள். "ஊத்து" என்றாள். சென்னியம்மாள் குடத்தைச் சாய்த்தாள்.